கபிலர் அறியாத மலர்

சங்கப் புலவருள் மலர்களை நிரல்பட வைத்துப் பாடிய பெருமை கபிலருக்கே உரியது. ஆரிய அரசன் பிரகதத்தனுக்குத் தமிழ் அறிவித்தற்பொருட்டு அவர் குறிஞ்சிப்பாட்டைப் பாடினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. தலைவியும் தோழியும் அருவியாடி, மலைச்சாரலில் திரிந்து பறித்துப் பாறைமேல் குவித்த தொண்ணூற்றொன்பது மலர்களை அப்பாட்டில் அவர் ஒன்றன்பின் ஒன்றாக எண்ணிச் சொல்கிறார். காந்தள், குறிஞ்சி, வேங்கை, கொன்றை என்று தொடரும் அவ்வரிசை, ஒரு மலைநிலத்தின் செல்வக் கணக்கு எனில் மிகையாகாது.

இன்று அதே குறிஞ்சி நிலத்தில், நீலகிரிச் சரிவிலோ சத்தியமங்கலக் காட்டிலோ மலர் கொய்யச் செல்வாரின் கையில் முதலில் அகப்படுவது அந்தத் தொண்ணூற்றொன்பதில் அடங்காத நூறாவது மலர். நடுவில் மஞ்சளும் விளிம்பில் இளஞ்சிவப்புமாகச் சிறு குடைபோல் விரியும் அப்பூவை நம் ஊர்ப்புறங்களில் உண்ணிப்பூ என்பர். செடியை உண்ணிச்செடி என்பர். ஈழத்தில் நாயுண்ணி என்ற பெயரும் உண்டு. ஆங்கில வழியில் வந்த லாண்டானா என்னும் பெயர் இந்தியா முழுவதும் வழங்குகிறது. கபிலர் இதனை விட்டுவிட்டார் என்று குறைகூற இயலாது. அவர் காலத்தில் இச்செடி இந்நாட்டில் இல்லை. இது இங்கு வந்து இருநூறு ஆண்டுகளே ஆகின்றன, வந்ததும் அழகுக்காகவே.

தோட்டத்தில் அழகுக்கென வைத்த ஒரு புதர், வேலி தாண்டிக் காட்டைக் கைப்பற்றிய வரலாற்றை ஈண்டுக் காண்போம். தில்லிவாழ் தமிழராகிய நமக்கு இவ்வரலாறு இருவகையில் நெருக்கமானது. நாம் விட்டுவந்த மலைகளிலும், நாம் வந்து குடியேறிய இத்தலைநகரின் பாறைக் குன்றுகளிலும் ஒரே செடி நின்று நம்மைப் பார்க்கிறது என்பது ஒன்று. ஓரிடத்தில் பிறந்து வேறோரிடத்தில் வேரூன்றுதல் என்னும் நிலை நமக்கும் உரியது என்பது மற்றொன்று. இரண்டாவதைப் பற்றி இறுதியில் பேசுவோம்.

செடியின் இயல்பு

உண்ணிச்செடி வெப்ப அமெரிக்க நாடுகளையும் மேற்கிந்தியத் தீவுகளையும் தாயகமாகக் கொண்ட குடும்பத்தது. ஆளுயரத்துக்குப் புதராக வளரும்; அருகில் மரம் இருப்பின் அதன்மேல் சாய்ந்து ஏறிக் கொடிபோலவும் படரும். தண்டில் வளைந்த சிறு முட்கள் உண்டு. இலை சொரசொரப்பானது, கசக்கினால் கடுநெடி வீசும். ஆடுமாடுகள் அதனை விரும்பி உண்பதில்லை. பஞ்சத்தில் வேறு தீவனமின்றி உண்டவை, அதிலுள்ள நச்சினால் கல்லீரல் கெட்டு, வெயில் பட்ட தோல் வெந்து துன்புறும்.

பூவின் நிறமாற்றம் வியத்தற்குரியது. மொட்டு விரியும்போது மஞ்சளாயிருக்கும் இதழ், மகரந்தச் சேர்க்கை நடந்தபின் சிவப்பாக மாறுகிறது. மஞ்சள் பூவில் தேன் உண்டு. நிறம் மாறியதில் வீண்முயற்சியே மிஞ்சும் என்பதை வண்ணத்துப்பூச்சிகள் அறிந்துகொள்கின்றன. ஆகவே ஒரு கொத்தில் எந்தப் பூவை நாட வேண்டும் என்பதைச் செடியே நிறத்தால் அறிவித்துவிடுகிறது. பின்னர்க் காய்ப்பவை மிளகளவான பச்சைக் காய்கள், பழுத்தால் கருநீலம். கொண்டைக்குருவியும் மைனாவும் அவற்றைத் தின்று, தொலைவிற் சென்று எச்சமிடுகின்றன. சிற்றூர்ச் சிறுவர்களும் பழுத்ததைத் தேர்ந்து தின்பதுண்டு. பச்சைக்காய் நஞ்சென்று மூத்தோர் விலக்குவர்.

இவ்வாறு மலருக்கு வண்ணத்துப்பூச்சியும் விதைக்குப் பறவையும் ஏவலராக அமைந்துவிட, இலையைக் கடிப்பாரும் இன்றி இருக்கும் ஒரு செடிக்கு வேறென்ன வேண்டும்? வெட்டினால் அடித்தூரிலிருந்து துளிர்க்கும். எரித்தாலும் மழை கண்டதும் மீளும். வெயில் விழும் திறந்த இடம் ஒன்று கிடைத்தால் போதும்.

கடல் கடந்த வரவு

அமெரிக்கக் கரைகளில் குடியேற்றம் தேடிச் சென்ற ஐரோப்பியர் பொன்னும் வெள்ளியும் மட்டும் கொண்டுவரவில்லை; செடிகளையும் கொண்டுவந்தனர். பிரேசில் நாட்டோடு தொடர்பு வைத்திருந்த ஒல்லாந்தர், பதினேழாம் நூற்றாண்டில் உண்ணிச்செடியைத் தம் நாட்டுத் தோட்டங்களில் வளர்த்தனர். பனி பெய்யும் நாட்டில் வெப்பநாட்டுச் செடி பிழைப்பது அரிது. ஆதலின் கண்ணாடி வீடுகள் கட்டிக் கணப்பு மூட்டிக் காத்தனர். சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயசு 1753-இல் வெளியிட்ட நூலில் இதற்கு லாண்டானா கமாரா என்ற அறிவியற் பெயர் நிலைபெற்றது.

கண்ணாடி வீட்டுக்குள் நடந்த வேறொரு செயலே பிற்கால விளைவுக்கு வித்தாயிற்று. வெவ்வேறு நாடுகளிலிருந்து வந்த உறவுச் செடிகளைத் தோட்டக்காரர் ஒன்றோடொன்று கலந்து புதுப்புது நிறங்களை உண்டாக்கினர். மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை, ஊதா என்று விற்பனைக்கு வகைகள் பெருகின. இன்று நம் காடுகளில் காண்பது அமெரிக்கக் கரையில் இயற்கையாய் வளர்ந்த பழைய செடி அன்று; ஐரோப்பியத் தோட்டங்களில் மனிதக் கை கலந்து படைத்த கலப்பினக் கூட்டம். எனவே இச்செடிக்குத் தன் நாடு என்று சுட்டத்தக்க ஓரிடம் உலகில் இல்லை. அதன் ஊர் தோட்டம். அதனைப் பெற்றவர் தோட்டக்காரர்.

ஊக்ளி ஆற்றங்கரையில் ராபர்ட்டு கிட் என்னும் படைத்துறை அதிகாரி 1787-இல் அமைத்த கல்கத்தாத் தாவரவியல் தோட்டத்துக்கு 1809-இல் உண்ணிச்செடி வந்து சேர்ந்தது. அக்காலத்தில் அத்தோட்டத்தின் தலைவராக இருந்தவர் வில்லியம் ராக்சுபர்க்கு. முன்னர்ச் சென்னை மாகாணத்தில் பணியாற்றித் தென்னாட்டுத் தாவரங்களை ஆராய்ந்து பெயர் பெற்றவர் அவர். உலகின் நாற்றிசைச் செடிகளையும் வரவழைத்து, பயன்படுவனவற்றைப் பிற தோட்டங்களுக்கு அனுப்புதல் கும்பினித் தோட்டத்தின் கடமையாக இருந்தது. உண்ணிச்செடிக்கு மருந்துப் பயனோ உணவுப் பயனோ கருதப்படவில்லை. ஆண்டு முழுதும் பூக்கும்; தண்ணீர் குறைவாகக் கேட்கும்; முள் உண்டு; மாடு மேயாது. பங்களாத் தோட்டத்து வேலிக்கு இதனினும் சிறந்தது எது? துரைமார் பங்களாக்களிலும் தோட்டப்பயிர் முதலாளிகளின் எல்லைகளிலும் அது வேலியாய் நின்றது. வேலியைத் தாண்டிப் பறவை பறந்தது. விதையும் உடன் சென்றது.

பிற நாடுகளிலும் இதே கதை. அவாய்த் தீவுகளுக்கு 1858-இல் வந்தது. ஆசுத்திரேலியாவுக்கும், நம் முன்னோர் கரும்புத் தோட்டக் கூலிகளாய்ச் சென்ற தென்னாப்பிரிக்க நாட்டாலுக்கும், இலங்கைக்கும் அழகுச்செடியாகவே சென்றது. எங்கும் முதலில் பாராட்டு, பின்னர்ப் புலம்பல்.

தில்லியின் மொட்டைப் பாறை

தில்லிக்கு வருவோம். ஆரவல்லி மலைத்தொடர் உலகின் மிகப் பழைய மலைகளுள் ஒன்று. குசராத்திலிருந்து நெடுந்தொலைவு வந்து, அதன் வால்முனை தில்லி நகருக்குள் அடங்குகிறது. அதனையே ரிட்ஜ் என்கிறோம். வடக்கே பல்கலைக்கழகத்தை அடுத்தும், நடுவே குடியரசுத் தலைவர் மாளிகைக்குப் பின்புறமாகவும், தெற்கே மெகரௌலி, அசோலா வரையிலும் அது துண்டுதுண்டாய்க் கிடக்கிறது. இராமகிருட்டிணபுரத்தில் நம் முருகன் கோயில் கொண்டிருக்கும் மலைமந்திர்க் குன்றும் இப்பாறையின் உறவே.

1857-இல் நிகழ்ந்த எழுச்சியின்போது ஆங்கிலப் படை சூன் முதல் செப்டம்பர் வரை வடக்கு ரிட்ஜில் தங்கித் தில்லியை முற்றுகையிட்டது. அந்நாளில் அது பெரும்பாலும் மொட்டைப் பாறை. ஆடுமாடு மேய்ந்தும் விறகு வெட்டப்பட்டும் மரம் அருகியிருந்தது. பின்னாளில் மரம் நட்டு அப்பாறையைப் பசுமையாக்க அரசு முயன்றது. 1911 டிசம்பர் 12-ஆம் நாள் தில்லி தர்பாரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தலைநகரை இங்கு மாற்றும் அறிவிப்பைச் செய்தபின் அம்முயற்சி வேகம் கொண்டது. புதிய அரச மாளிகைக்குப் பின்னணியாகப் பசும்போர்வை வேண்டுமெனக் கருதினர். 1913-இல் நடு ரிட்ஜின் பெரும்பகுதி காப்புக்காடாயிற்று. அங்கு மேய்ச்சலுக்கு உரிமை கொண்டிருந்த சிற்றூர்மக்கள் வெளியே நிறுத்தப்பட்டனர்.

நகர்த் தெருக்களுக்கு நிழல்மரம் தேர்ந்தோர் பழுதின்றித் தேர்ந்தனர். மஸ்டோ என்னும் தோட்டக்கலை அதிகாரியின் மேற்பார்வையில் நாவலும் வேம்பும் மருதும் புளியும் நடப்பட்டன. இன்றும் ஆடி மாதத்தில் நாவற்பழம் உதிர்ந்து தலைநகரின் சாலையோரங்கள் ஊதாநிறம் கொள்வது அவர்கள் தந்த கொடை. பாறையில் வளர்க்க வேண்டியதற்கோ, எந்த வறட்சியையும் தாங்கி விரைந்து வளரும் மெக்சிகோ நாட்டு மரம் ஒன்று துணையாயிற்று. அதனை இந்திக்காரர் விலாயதி கீக்கர் என்பர். நாம் சீமைக்கருவேலம் என்கிறோம். விலாயதி என்றாலும் சீமை என்றாலும் பொருள் ஒன்றே. இருமொழியாரும் ஒருவரை ஒருவர் கேளாமலே ஒரு மரத்துக்கு ஒரே பெயரை இட்டுள்ளனர்.

ஆரவல்லிக்கு உரிய பழைய மரங்கள் மெல்ல வளர்பவை. தௌ என்னும் மரம், வெள்வேல், பலாசு, இலந்தை ஆகியன அவற்றுட் சில. அடிப்புதராக ஆடாதோடை தழைக்கும். இருமலுக்கு நம் பாட்டிமார் பறித்த அதே ஆடாதோடைதான். சீமைக்கருவேலம் மேலே குடைபிடிக்க, கீழே திறந்த பாதையோரங்களையும் வெட்டவெளிகளையும் உண்ணிச்செடி பற்றிக்கொள்ள, இவ்விரு சீமைச் செடிகளுக்கும் இடையே பழங்குடிச் செடிகள் ஒடுங்கின. 1994-இல் ஏறத்தாழ 7,777 எக்டேர் பரப்பு ரிட்ஜ் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. சட்டம் எல்லை வகுத்தது. எல்லைக்குள் எது வளர வேண்டும் என்பது தனி வினா. அவ்வினாவோடு தில்லி இன்றும் போராடுகிறது.

வேலி காடான கதை

பசுமையாய் இருந்தால் போதாதோ, எந்தச் செடியாயின் என்ன என்று கேட்பாருண்டு. உண்ணிச்செடி அடர்ந்த இடத்தில் தரையில் வெயில் விழுவதில்லை. புல் முளைப்பதில்லை, மரக்கன்று எழுவதில்லை. அதன் இலையும் வேரும் மண்ணில் விடும் வேதிப்பொருள்கள் பிற விதைகளின் முளைப்பைத் தடுப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. முதிய மரங்கள் நிற்கும்; ஆனால் அவை வீழ்ந்தால் இடம் நிரப்ப வழித்தோன்றல் இராது. தொலைவிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குக் காடு உண்டு. உள்ளே வாழும் மானுக்கும் காட்டெருமைக்கும் யானைக்கும் மேய்ச்சல் இல்லை. கோடையில் உலர்ந்த தண்டுகள் தீயை மரக்கிளைவரை ஏற்றிச் செல்லும்.

இதன் பரப்பை ஓர் எண்ணால் உணரலாம். இந்திய வனவிலங்கு நிறுவனத்தைச் சேர்ந்த அறிஞர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வின்படி, நம் நாட்டில் புலி வாழும் காடுகளில் நூற்றுக்கு நாற்பது பங்குக்கு மேல், அதாவது 1,54,000 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் உண்ணிச்செடி பரவியுள்ளது. தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பு 1,30,000 சதுர கிலோமீட்டரே. சிவாலிக்கு மலையடிவாரம், நடு இந்தியக் காடுகள், தென்மேற்குத் தொடர்ச்சி மலை ஆகிய மூன்றும் மிகுதியாகப் பாதிக்கப்பட்டவை. தேராதூனுக்கோ அரித்துவாரத்துக்கோ நாம் பேருந்தில் செல்லும்போது சாலையின் இருமருங்கும் பூத்து நிற்பது இதுவே.

முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பிழந்தால் பாலை என்னும் வடிவு கொள்ளும் என்பது இளங்கோவடிகள் காட்டிய கருத்து. நிலத்தை அதன் செடியால் அறிந்து பெயரிட்ட மரபு நம்முடையது. உண்ணிச்செடி மூடிய மலையைத் திணைநூலார் கண்டிருப்பின் எந்தத் திணையில் வைத்திருப்பர்? பூ நிறைந்திருக்கிறது, எனினும் அது குறிஞ்சி ஆகாது. பசுமையான பாலை என்று ஒரு புதுத்திணை வகுக்க வேண்டியிருக்கும்.

பூச்சிப் படை

ஆங்கிலேயர் கொணர்ந்த செடியை ஒழிக்க ஆங்கிலேயர் காலத்திலேயே முயற்சி தொடங்கியது. பிறந்த இடத்தில் இச்செடியைத் தின்னும் பூச்சிகள் பல உண்டு. கடல்கடந்தபோது அப்பகைவர் உடன்வரவில்லை. ஆகவே பகைவரையும் வரவழைக்க வேண்டும் என்பது அறிஞர் கருத்து. 1902-இல் அவாய்த் தீவின் அரசுக்காக ஆல்பர்ட்டு கோபெலே என்பவர் மெக்சிகோ சென்று பூச்சிகளைத் திரட்டி அனுப்பினார். களையை அழிக்கப் பூச்சிகளை ஏவும் முயற்சிகளுள் உலக அளவில் முன்னோடிகளுள் ஒன்று அது.

நம் நாட்டில் அப்பணியை மேற்கொண்டவர் இராவ் சாகிப் இராமச்சந்திர ராவ். பின்னாளில் பாலைவன வெட்டுக்கிளி ஆராய்ச்சியால் பெயர்பெற்ற பூச்சியியல் அறிஞர் அவர். உண்ணிச்செடியில் வாழும் உள்நாட்டுப் பூச்சிகளை இந்தியாவிலும் பருமாவிலும் தேடி, ஏறத்தாழ நூற்றைம்பது வகைகளைக் கண்டு, 1920-இல் தம் ஆய்வை வெளியிட்டார். அவற்றுள் ஒன்றுகூடச் செடியை அடக்கும் ஆற்றல் உடையதாயில்லை. அடுத்த ஆண்டு அவாயிலிருந்து, கனியைத் துளைக்கும் ஈ ஒன்று வரவழைக்கப்பட்டது. பயன் சிறிதே.

1941-இல் தேராதூன் வன ஆராய்ச்சி நிலையத்துக்கு ஆசுத்திரேலியாவிலிருந்து சரிகை போன்ற சிறகுடைய ஒரு பூச்சி கொண்டுவரப்பட்டது. ஆய்வறையில் அது தேக்கின் பூவையும் கடிக்கக் கண்டு அறிஞர் அஞ்சினர். தேக்கு அரசின் கருவூலம் அன்றோ? பூச்சிகளை அழித்துவிட ஆணை பிறந்தது, அழித்தனர். ஆனால் எவ்வாறோ சில தப்பின. 1951-இல் அவை வெளியே வாழ்வது தெரியவந்தது. பின்னர் நாடெங்கும் பரவின. தேக்குக்குப் பெருந்தீங்கு நேரவில்லை, உண்ணிச்செடிக்கும் நேரவில்லை. இலை உதிரும்; மழை வந்தால் தளிர்க்கும். தோட்டக்காரர் கலந்து படைத்த பல்வகைக் கலப்பினங்களுள் ஒரு பூச்சிக்கு ஒன்று பிடித்தால் மற்றொன்று பிடிப்பதில்லை என்பது தோல்விக்குரிய காரணங்களுள் ஒன்று. கண்ணாடி வீட்டில் விளையாட்டாகச் செய்த கலப்பு, இருநூறாண்டு கழித்தும் காக்கும் கவசமாயிற்று.

காட்டை அறிந்தோர் சொல்

கருநாடகத்துப் பிளிகிரிரங்கன் மலை சத்தியமங்கலக் காட்டை ஒட்டியது. அங்கு வாழும் சோலிகர் தொன்றுதொட்டு ஒரு வழக்கம் கொண்டிருந்தனர். கோடை முதிருமுன், சருகு மட்டும் எரியும் அளவுக்குக் காட்டில் சிறுதீ இடுவர். தரையோடு ஓடும் அத்தீ மரங்களைச் சுடாது. புல்லுக்கு உரமாகும், புதிதாய் முளைத்த உண்ணிக் கன்றுகளை மட்டும் கருக்கிவிடும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப்பின் அம்மலை 1974-இல் சரணாலயமாயிற்று. தீயிடுதல் குற்றமாயிற்று, சோலிகர் காட்டுக்குள்ளிருந்து வெளியேற்றப்பட்டு ஓரங்களில் குடியமர்த்தப்பட்டனர்.

அதன்பின் நிகழ்ந்ததை ஆய்வாளர் அளந்துள்ளனர். 1997-இல் அக்காட்டில் எடுத்த அளவைக் கட்டங்களுள் நூற்றுக்கு 41-இல் உண்ணிச்செடி இருந்தது. 2008-இல் 81-இல் இருந்தது. பதினோராண்டில் பரப்பு இருமடங்கு. அடர்த்தி நான்கு மடங்கு. தீயை நிறுத்தியதே ஏது என்று சோலிகர் உறுதியாகச் சொல்கின்றனர். மேய்ச்சல், மழை, மூங்கில் அழிவு ஆகியவற்றுக்கும் பங்குண்டு என்று ஆய்வாளர் சிலர் கூறுவர். எவ்வாறாயினும் ஒன்று தெளிவு: காட்டோடு பழகி, அதன் கீழ்த்தட்டை ஆண்டுதோறும் கவனித்த கைகள் விலக்கப்பட்ட காலமும், உண்ணிச்செடி அடர்ந்த காலமும் ஒன்றாகவே நடந்தன. தில்லி ரிட்ஜிலும் மேய்ப்பவரை நீக்கிவிட்டுச் சீமை மரத்தை வைத்த வரலாற்றை மேலே கண்டோம். மனிதர் நீங்கிய இடத்தில் இயற்கை தானே மீளும் என்ற எண்ணம் இரண்டிடத்தும் பொய்த்தது.

வேரறிந்து வெட்டுதல்

தோல்விக் கதைகளுக்கு இடையே தில்லியிலிருந்து ஒரு நற்செய்தியும் உண்டு. தில்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி. ஆர். பாபு, உண்ணிச்செடி வெட்டவெட்டத் துளிர்ப்பதன் மறையை ஆராய்ந்தார். தண்டும் வேரும் கூடும் இடத்தில்தான் துளிர்க்கும் ஆற்றல் ஒளிந்துள்ளது என்பதைக் கண்டார். மண்ணுக்குச் சில விரற்கடை கீழே ஆணிவேரை வெட்டி, தூரோடு பெயர்த்துத் தலைகீழாகக் கவிழ்த்து உலரவிட்டால் அது மீளாது. பெரும்பொறி வேண்டா; நஞ்சு மருந்து வேண்டா; மண்வெட்டியும் பயிற்சி பெற்ற கையும் போதும். பின்னர்ப் பறவை வந்தமரும் மரங்களின் அடியில் புதிதாய் முளைக்கும் கன்றுகளைச் சில ஆண்டுகள் தொடர்ந்து பிடுங்க வேண்டும். வெற்றிடத்தில் அவ்விடத்துக்கே உரிய புல்லையும் மரத்தையும் உடனே வளர்க்க வேண்டும். கார்பெட்டுப் புலிகள் காப்பகத்தில் இம்முறையைப் பின்பற்றி, உண்ணிப்புதர் மூடிய நிலத்தை மீண்டும் புல்வெளியாக்கினர். அவ்வெற்றியைக் கூறும் கட்டுரை 2009-இல் வெளிவந்தது.

அதே பேராசிரியரின் வழிகாட்டுதலில், தில்லி வளர்ச்சிக் குழுமமும் பல்கலைக்கழகமும் இணைந்து பல்லுயிர்ப் பூங்காக்களை அமைத்தன. வசந்த விகாரை அடுத்த ஆரவல்லிப் பூங்கா முன்பு சுரங்கம் தோண்டிக் கைவிட்ட பள்ளம். சீமைக்கருவேலமும் உண்ணிச்செடியும் மூடிக்கிடந்த இடம். இன்று அங்கு தௌ மரமும் பலாசும் பிற ஆரவல்லி மரங்களும் காடாய் நிற்கின்றன. இராமகிருட்டிணபுரத்திலிருந்தும் முனீர்க்காவிலிருந்தும் அது தொலைவன்று. குழந்தைகளை அழைத்துச் சென்று, பங்குனியில் பலாசு பூக்கும்போது காட்டலாம். தமிழ்நாட்டு அரசும் 2022-இல் ஆக்கிரமிக்கும் அயல்செடிகளை அகற்றிக் காட்டை மீட்பதற்கென ஒரு கொள்கையை வகுத்துள்ளது.

யானையாய் மாறிய செடி

வெட்டிய தண்டை என்செய்வது? மாதேசுவரன் மலையில் வாழும் சோலிகரும் பிறரும் இருபதாண்டுகளுக்கு மேலாக அதனைப் பயன்பொருளாக்கி வருகின்றனர். தண்டைக் கொதிநீரில் வேகவைத்து, பட்டையுரித்து, வளைத்துப் பிரம்புபோல் நாற்காலியும் கூடையும் முடைவர். பிரம்பு அருகிய காலத்தில் உண்ணித்தண்டு கைகொடுத்தது.

நீலகிரிக் கூடலூரில் அக்கைத்தொழில் ஒரு வியப்பைப் படைத்தது. பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோலிகர் ஆகிய பழங்குடிக் கைவினைஞர்கள், இரும்புச் சட்டத்தின்மேல் உண்ணித்தண்டை வளைத்துக் கட்டி, உயிர்யானையின் அளவிலேயே யானைகளைச் செய்தனர். ஒவ்வொன்றும் அக்காட்டில் உண்மையாகத் திரியும் ஒரு யானையின் சாயல் உடையது. அம்மந்தை 2021-இல் இலண்டன் மாநகரின் அரச பூங்காக்களில் நின்றது. 2024-இல் நூறு யானைகள் அமெரிக்கா சென்று, ரோடு தீவு மாநிலத்து நியூபோர்ட்டுக் கடற்கரையில் தொடங்கி நகர்நகராய் நடைபோட்டன. எந்தக் கண்டத்திலிருந்து அழகுப்பொருளாகப் புறப்பட்டதோ, அந்தக் கண்டத்துக்கே உண்ணிச்செடி நம் பழங்குடியார் கையால் யானை வடிவில் மீண்டது. அது எந்த யானையின் மேய்ச்சலைக் கெடுத்ததோ, அதே யானையின் உருவைத் தாங்கிச் சென்றது.

இதனால் காடு தூய்மையாகிவிடும் என்று கருதுதல் கூடாது. 1,54,000 சதுர கிலோமீட்டரில் நிற்பதை நாற்காலியாகவும் யானையாகவும் செய்து தீர்க்க இயலாது. ஆயினும் காட்டைக் காத்துவந்த மக்களுக்கு அக்காட்டிலேயே ஒரு தொழிலும் மதிப்பும் மீண்டன. அது சிறிய ஆக்கமன்று.

அயல் என்பது யாது?

இனி, முதலில் நிறுத்திவைத்த பொருளுக்கு வருவோம். அயல்நாட்டுச் செடி என்பதே குற்றமா? அவ்வாறாயின் நம் அடுக்களையை முதலில் சோதிக்க வேண்டும். மிளகாய் அமெரிக்கச் செடி. உறைப்புக்கு மிளகு ஒன்றையே அறிந்திருந்த தமிழர், வந்த காய்க்கு மிளகின் பெயரையே உறவாகச் சூட்டி மிளகாய் என்றனர். தக்காளியும் உருளைக்கிழங்கும் கொய்யாவும் முந்திரியும் நிலக்கடலையும் மரவள்ளியும் அங்கிருந்தே வந்தன. தில்லிக் கோயில்களில் மாலையாகத் தொங்கும் துலுக்கச் சாமந்தி மெக்சிகோவுக்கு உரியது. இத்தலைநகரின் சுவர்தோறும் வழியும் காகிதப்பூக்கொடி பிரேசிலைச் சேர்ந்தது. பறவை தின்னும் கனி அதற்கில்லை. ஆகவே வைத்த இடத்தில் நிற்கிறது. இவையெல்லாம் வந்தன, இருந்தனவற்றோடு இடம் பகிர்ந்தன. எந்தக் காட்டையும் மூடவில்லை.

ஆகவே ஒரு செடியை அளக்கும் கோல் அது பிறந்த ஊர் அன்று. அது சென்ற இடத்தில் பிறவற்றுக்கு வெயிலையும் நிலத்தையும் விடுகிறதா என்பதே. அந்த ஒழுக்கம்கூடச் செடி தானாகத் தேர்ந்தது அன்று. பகையின்றிக் கொண்டுவந்தவர், காவலின்றி நட்டவர், காட்டை வெறுமையாக்கியவர், அதனோடு பழகியவரை அகற்றியவர் எனப் பலர் சேர்ந்து அதற்கு அமைத்துக் கொடுத்த வாழ்வு அது.

இதனை வலியுறுத்தக் காரணம் உண்டு. செடிகளைப் பற்றிய பேச்சில் வழங்கும் அயல், ஊடுருவல், ஒழித்தல் என்னும் சொற்கள் எளிதில் எல்லை தாண்டி மனிதர்மேல் பாய்கின்றன. பிழைப்புத் தேடி வேற்றூர் சென்றோரைக் களை என்று இகழ்ந்த குரல்கள் எல்லா நாட்டிலும் எழுந்துள்ளன. ஊர்விட்டு ஊர் வந்து, மொழி தெரியாத கடைத்தெருவில் காய்கறி வாங்கக் கற்று, பிள்ளைகளை இருமொழியில் வளர்த்த தலைமுறையாகிய நாம் அச்சொற்களின் கூர்மையை அறிவோம். மனிதன் செடியல்லன், அவன் அண்டை வீட்டாரோடு பேசுவான், கேட்பான், திருந்துவான், இடம் கொடுப்பான். உண்ணிச்செடியின் வரலாற்றைக் காட்டி ஒரு மனிதக் கூட்டத்தைப் பழிப்பவர், அவ்வரலாற்றை அரைகுறையாகப் படித்தவரே ஆவர்.

நமக்கு அது தரும் படிப்பினை வேறு, மிக எளியது. இன்றும் நாற்றுப்பண்ணைகளில் குட்டை வகை உண்ணிச்செடிகள் வண்ண வண்ணமாய், தண்ணீர் வேண்டாப் பாத்திச்செடி என்று விற்பனைக்கு வருகின்றன. நம் குடியிருப்புச் சங்கங்கள் பூங்காவுக்குச் செடி வாங்கும்போது அவற்றை விலக்கலாம். வேலிக்கு மருதாணி வைக்கலாம், ஆடாதோடை வைக்கலாம், நொச்சி வைக்கலாம். மூன்றும் தில்லி வெயிலைத் தாங்குபவை. மூன்றும் நம் வீட்டுப் பெண்டிர் பெயரறிந்தவை. 1809-இல் ஒரு தோட்டத்தில் ஒருவர் நட்டது ஒரு நாட்டின் காடுகளை மாற்றியது. நம் வீட்டுப் பாத்தியில் நடும் செடியும் எங்கோ ஒரு பறவையின் அலகில் ஏறி ரிட்ஜ் பாறைக்குச் செல்லக்கூடும். எதை அனுப்புகிறோம் என்பதை அறிந்தே அனுப்புவோமாக.